மருமகன் ஹெலிகாப்டர் புக் பண்ணிவிட்டார்

கேள்வி: எனக்கு வயது 61. வண்டிப்பெரியாரில் இருக்கிறோம். மே மாத லீவுக்கு மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரோடு சென்னையிலிருந்து வருகிறார்கள். கொச்சியிலிருந்து ஹெலிகாப்டரில் கிளம்பி மூணாறு மலையைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும் பயணத்துக்கு, எங்கள் ஆறு பேருக்கும் சேர்த்து மருமகன் முன்பணம் கட்டிவிட்டார். எனக்கு விமானமே ஆகாது. ஒரு தடவை மதுரையிலிருந்து சென்னைக்குப் போனபோது கை கால் மரத்து, நெஞ்சு படபடத்து, இறங்குகிற வரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை. இப்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒன்று வருகிறது. எஞ்சின் நின்றால் கல் மாதிரி விழுமாம். யாராவது போனை ஆன் பண்ணினால் கோளாறு ஆகிவிடுமாம். மலைக்கு மேலே காற்றில் ஓட்டை இருக்குமாம். ராணுவம் கழித்துக் கட்டியதைப் பெயின்ட் அடித்து ஓட்டுகிறார்களாம். ஜனாதிபதி வந்த ஹெலிகாப்டரே குழியில் இறங்கிய வீடியோவையும் போட்டிருக்கிறார்கள். இதில் எது நிஜம்? நான் போகலாமா? பிள்ளைகளையாவது தடுத்து நிறுத்தலாமா? பயமாக இருக்கிறது என்றால் மருமகன் சிரிக்கிறார்.
– பெயர் வேண்டாம், வண்டிப்பெரியார்

பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற ஹெலிகாப்டர் பராமரிப்புப் பொறியாளர், பாலக்காடு

அம்மா,

முதலில் மருமகனுக்கு ஒரு வார்த்தை. சிரிக்காதீர்கள் மாப்பிள்ளை. பயந்துகொண்டே வருகிற பயணியை எங்கள் தொழிலில் யாரும் இளக்காரமாக நினைப்பதில்லை. அவர் பெல்ட்டை ஒழுங்காகப் போடுவார், அங்கே போகாதே என்றால் போகமாட்டார். எங்களுக்கு வயிற்றைக் கலக்குவது, செல்பி எடுத்தபடி வால் பக்கம் நடந்துபோகிற தைரியசாலிதான்.

இனி உங்களுக்கு. குழுவில் வந்த செய்திகளில் பெரும்பாலானவை புருடா. உங்கள் பயத்தை அப்படிச் சொல்லமாட்டேன். 'பஸ்ஸைவிட ஹெலிகாப்டர் பத்திரம்' என்று யாராவது ஆறுதல் சொன்னால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள். அது பெரிய பயணிகள் விமானத்துக்குச் சொல்கிற கணக்கு. ஹெலிகாப்டரின் விபத்து விகிதம் அதைவிடக் கூடுதல். அது தாழப் பறக்கிறது; மலைக்கும் மரத்துக்கும் மின்கம்பிக்கும் பக்கத்தில் பறக்கிறது; ஓடுதளம் இல்லாத இடத்தில் இறங்குகிறது; பல நேரம் ஓட்டுகிறவர் ஒருவர் மட்டுமே. இதை மறைத்துவிட்டு உங்களைத் தேற்றினால், அடுத்து நான் சொல்வதை நீங்கள் ஏன் நம்ப வேண்டும்?

எஞ்சின் நின்றால் கல் மாதிரி விழாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பத்தில் ஒன்பது பேருடைய பயம் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. மேலே சுற்றுகிற றெக்கைத் தொகுதிக்கு ரோட்டார் என்று பெயர். அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒருவழி கிளட்ச் ஒன்று உண்டு. எஞ்சின் நின்றால் அது தானாகக் கழன்றுகொள்ளும். ரோட்டார் தன்பாட்டுக்குச் சுற்றும். பைலட் உடனே இடது கையில் இருக்கிற லீவரை இறக்கி, றெக்கைகளின் சாய்வைக் குறைப்பார். ஹெலிகாப்டர் இறங்கத் தொடங்கும். கீழிருந்து மேலே வருகிற காற்று றெக்கையைச் சுற்றவைக்கும். பிள்ளைகள் ஓலைக் காத்தாடியைப் பிடித்துக்கொண்டு ஓடினால் அது சுற்றுகிறதே, அந்தக் கதைதான். ஆட்டோரொட்டேஷன் என்று பெயர். இறக்கம் மெதுவாக இருக்காது. நிமிடத்துக்குச் சுமார் 1500 முதல் 2000 அடி வரை இறங்கும். ஆனால் கட்டுப்பாட்டில் இறங்கும். தரைக்குப் பக்கத்தில் வந்ததும் மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்து, ரோட்டாரில் மிச்சமிருக்கிற சுழற்சியை வைத்து உட்கார வைப்பார்கள். இதைப் பழகாமல் ஒருவர் ஹெலிகாப்டர் பைலட் ஆகவே முடியாது.

2018 மார்ச் 11 அன்று நியூயார்க்கில் சுற்றிக் காட்டப் போன ஹெலிகாப்டர் ஒன்று ஈஸ்ட் ஆற்றில் இறங்கியது. கதவைக் கழற்றிவிட்டு, போட்டோ எடுக்கவென்றே ஓட்டுகிற பயணம் அது. ஒரு பயணியைக் கட்டியிருந்த வாரின் நுனி, தரையில் இருந்த எரிபொருள் அடைப்பான் லீவரில் சிக்கி இழுத்துவிட்டது, எஞ்சின் நின்றுபோனது. பைலட் நான் மேலே சொன்ன மாதிரியே தண்ணீரில் கொண்டுவந்து இறக்கினார். மிதவைகள் சரியாக உப்பவில்லை, ஹெலிகாப்டர் கவிழ்ந்தது. பைலட் வெளியே வந்தார். ஐந்து பயணிகளும் முதுகில் மாட்டியிருந்த அந்த வாரை அவிழ்க்க முடியாமல் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். எஞ்சின் நின்றதால் யாரும் சாகவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: ஏறி உட்கார்ந்தவுடன் பெல்ட்டைப் போடக் கற்றுக்கொள்வதற்கு முன்னால், ஒரே அசைவில் அதை அவிழ்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை அவிழ்த்துப் பாருங்கள்.

காத்தாடிக் கணக்குக்கும் ஒரு எல்லை உண்டு. ரொம்பத் தாழ, ரொம்ப மெதுவாகப் போகும்போது எஞ்சின் நின்றால் ரோட்டாரைச் சுற்றவைக்க நேரமும் உயரமும் போதாது. கீழே ஏலக்காய்க் காடும் பாறையும் மட்டும் இருந்தால் பத்திரமாக இறக்கவும் இடம் இருக்காது. மலைப் பக்கம் போகிற பயணத்துக்கு இரண்டு எஞ்சின் உள்ள ஹெலிகாப்டர் என்றால் நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். மருமகன் கம்பெனியிடம் கேட்கலாம், தப்பில்லை.

ஆனால் 'இரண்டு எஞ்சின் சார்' என்று அவர்கள் சொன்னதும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடாதீர்கள். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர்ப் பக்கம் விழுந்த, ஜெனரல் பிபின் ராவத் போன ஹெலிகாப்டருக்கு எத்தனை எஞ்சின்? இரண்டு. நல்ல வலுவான எம்ஐ-17. ஓட்டியவர்கள் அனுபவசாலிகள். 14 உயிர் போனது. எந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி மேகத்துக்குள் போனதில் பைலட்டுக்குத் திசையுணர்வு தப்பியது என்றுதான் முப்படை விசாரணை சொன்னது. 2020 ஜனவரி 26 அன்று அமெரிக்காவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட் மகளோடு போன ஹெலிகாப்டருக்கும் இரண்டு எஞ்சின்தான். இரண்டும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. மூடுபனிக்குள் புகுந்து குன்றில் மோதியது. ஒன்பது பேரும் போய்விட்டார்கள்.

2019 டிசம்பர் 26 அன்று ஹவாய் தீவுகளில் கவாய் என்கிற தீவைச் சுற்றிக் காட்டப் போன ஹெலிகாப்டர்: எதிரே எதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மூடிய வானிலைக்குள் பைலட் தொடர்ந்து ஓட்டியதுதான் காரணம் என்று விசாரணை முடிவு, ஏழு பேர் இறந்தார்கள். கேதார்நாத்தில் 2022 அக்டோபர் 18 அன்று ஏழு பேர். அதே தடத்தில் 2025 ஜூன் 15 அன்று ஏழு பேர். இரண்டு நாளும் மலையை மூடிய பனி. இவ்வளவையும் உங்களைப் பயமுறுத்த அடுக்கவில்லை. எங்கே எல்லாம் ஆள் செத்திருக்கிறார்களோ அங்கே திரும்பத் திரும்ப வருவது போன் சிக்னலும் இல்லை, காற்று ஓட்டையும் இல்லை. மேகம்.

மேகத்துக்குள் அப்படி என்ன நடக்கிறது? நம் காதுக்குள் இருக்கிற திரவம்தான் நாம் நேராக இருக்கிறோமா சாய்ந்திருக்கிறோமா என்று மூளைக்குச் சொல்கிறது. அது அவ்வளவு நம்பகமானது கிடையாது. மெதுவாக, ஒரே சீராகத் திரும்பினால் கொஞ்ச நேரத்தில் 'நேராகத்தான் போகிறோம்' என்று சொல்லிவிடும். கண்ணுக்கு அடிவானம் தெரிந்தால் கண் அதைத் திருத்தும். வெள்ளை மேகத்துக்குள் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. பைலட் நேராகப் போவதாக நினைத்துக்கொண்டே மலையை நோக்கிச் சாய்ந்து போவார். மீட்டர்களை மட்டும் பார்த்து ஓட்டுவதற்குத் தனிப் பயிற்சியும் கருவியும் வேண்டும். சுற்றிக் காட்டுகிற பயணங்கள் அந்த மாதிரிப் பறப்பவை இல்லை. கண்ணால் பார்த்து ஓட்டுபவை. கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் பயணமே கிடையாது என்பதுதான் விதி.

இந்த விஷயத்தில் உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. குட்டிக்கானத்திலும் பீர்மேட்டிலும் மஞ்சு இறங்கினால் எதிரே வருகிற லாரி ஹெட்லைட் எவ்வளவு பக்கத்தில் வந்த பிறகு தெரியும் என்று உங்களுக்குத் தெரியும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வளைவு திரும்புவதற்குள் மூடிவிடும் என்பதும் தெரியும். சென்னையிலிருந்து வருகிற மாப்பிள்ளைக்குத் தெரியாது. அவருக்குக் கொச்சியில் வானம் பளிச்சென்று இருந்தால் போதும், கிளம்பிவிடலாம் என்று தோன்றும். கொச்சி கடல் மட்டம். மூணாறு 1500 மீட்டருக்கு மேல். இரண்டும் வேறு வேறு வானம்.

'காற்று ஓட்டை' சமாசாரத்தில் அரைக்கால் உண்மை இருக்கிறது. ஓட்டை எதுவும் கிடையாது. மலைமுகட்டைத் தாண்டி வீசுகிற காற்று மறுபக்கச் சரிவில் கீழ்நோக்கி இறங்கும். அந்தப் பக்கம் பறக்கிற ஹெலிகாப்டரையும் சேர்த்துக் கீழே அழுத்தும். வயிறு மேலே வந்த மாதிரி இருக்கும். மலையில் ஓட்டுகிறவர்கள் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, முகட்டை நல்ல உயரம் வைத்துத்தான் தாண்டுவார்கள். கேதார்நாத் கதையை அப்படியே மூணாறுக்குப் பொருத்துவதும் சரியில்லை. அது 3500 மீட்டருக்கு மேலே. அங்கே காற்று மெலிந்து, ரோட்டாருக்குப் பிடிமானமே குறைந்துவிடும். நம் மலைகளில் அந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. மஞ்சும் மழையும்தான் நம்முடையது.

போன் விஷயம்: ஒரு போன் ஹெலிகாப்டரைக் கீழே தள்ளாது. பைலட்டின் ஹெட்போனில் 'கிர்ர்' என்று இரைச்சல் வரும், கட்டுப்பாட்டு அறை பேசுவது காதில் விழாது. அதனால் அணைக்கச் சொன்னால் அணைத்துவிட வேண்டும். அதைவிடப் பெரிய கவலை, கையிலிருந்து பறக்கிற போன் வால் விசிறியில் போய் அடிப்பது. தொப்பி, துண்டு, பிளாஸ்டிக் பை எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

ராணுவம் கழித்ததைப் பெயின்ட் அடித்து ஓட்டுவது நடக்காத காரியம். நம் நாட்டில் பதிவான ஒவ்வொரு சிவில் ஹெலிகாப்டரும் 'விடி' என்று தொடங்கும் எழுத்துகளை உடம்பில் போட்டிருக்க வேண்டும். பறக்கத் தகுதியானது என்று, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் சான்று வேண்டும், பயணிகளை ஏற்றிக் காசு வாங்க கம்பெனிக்குத் தனி அனுமதி வேண்டும். வயது என்று பார்த்தால், 20 வருஷ ஹெலிகாப்டர்கள் பறக்கத்தான் செய்கின்றன. ஆனால் அதில் உயிரைத் தாங்குகிற பாகங்களுக்கு 20 வயது இருக்காது. ரோட்டார் றெக்கை, கியர் பெட்டிக்குள் இருப்பவை என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை மணி நேரம் என்று ஆயுள் எழுதியிருக்கும். தனித்தனியாகப் பதிவேடு இருக்கும். மணி முடிந்தால், பார்வைக்குப் புத்தம் புதிதாக இருந்தாலும் கழற்றிப் போட்டுவிட வேண்டியதுதான். அப்படிப் பளபளவென்று இருக்கிற சாமானைக் குப்பைக்கு அனுப்பும்போது முதலாளிகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்! அங்கேதான் எங்கள் கையெழுத்துக்கு மரியாதை.

ஜனாதிபதி வீடியோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2025 அக்டோபர் 22 அன்று திரௌபதி முர்மு சபரிமலைக்கு வந்தபோது, பத்தனம்திட்டை பிரமாடத்தில் அவசரமாகப் போட்ட கான்கிரீட் இன்னும் இறுகவில்லை. இறங்கி நின்ற ஹெலிகாப்டரின் சக்கரம் அதில் புதைந்தது. போலீசாரும் தீயணைப்புக்காரர்களும் கூடித் தள்ளினார்கள். அவர் பத்திரமாக இறங்கி மலைக்குப் போனார். பறப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சிமென்ட் வேலை சரியில்லை, அவ்வளவுதான். இன்னொரு வீடியோவும் உங்கள் குழுவுக்கு வந்திருக்கும்: 2021 ஏப்ரலில் தொழிலதிபர் யூசுப் அலி போன ஹெலிகாப்டர் கொச்சி பனங்காட்டில் சதுப்பில் இறங்கி நிற்கும் காட்சி. அதைப் போடுகிறவர்கள் பின்பாதியைச் சொல்வதில்லை. கொட்டுகிற மழையில் வீடுகளுக்கு நடுவில் ஒரு காலி இடம் பார்த்து இறக்கினார்கள். உள்ளே இருந்த எல்லோரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

சரி, கம்பெனியிடம் என்ன கேட்பது? லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், எஞ்சின் எத்தனை, பைலட் மலையில் ஓட்டியவரா, எல்லாம் கேளுங்கள். எனக்கு முக்கியமான கேள்வி வேறு. 'மேகம் மூடினால் பணத்தைத் திருப்பித் தருவீர்களா?' இது காசுக்கான கேள்வியாகத் தெரியும். உயிருக்கான கேள்வி. பணத்தைத் திருப்பித் தருகிற கம்பெனியில் பைலட்டால் தைரியமாக 'இன்றைக்கு இல்லை' என்று சொல்ல முடியும். திருப்பித் தராத இடத்தில் முதலாளி ஒரு பக்கம் பார்ப்பார், பயணி இன்னொரு பக்கம் கத்துவார், நடுவில் பைலட். கோபி பிரயன்ட் விபத்தில் விசாரணைக்காரர்கள் எழுதியதில் இதுவும் ஒன்று: முக்கியமான ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற அழுத்தத்தை அந்த பைலட் தனக்குத்தானே ஏற்றிக்கொண்டிருக்கக்கூடும். யாரும் அவரை விரட்டியதாகத் தெரியவில்லை. அப்படியிருக்க, 'சென்னையிலிருந்து இதுக்காகவே வந்திருக்கோம் சார், ஒரு ரவுண்டாவது' என்று ஆறு பேர் சுற்றி நின்றால் என்ன ஆகும்?

நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது அம்மா. பயணத்துக்கு முதல் நாள் ராத்திரியே மருமகனிடம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள்: 'பைலட் வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசக்கூடாது. பாதியில் திரும்பினாலும் முகத்தைச் சுளிக்கக்கூடாது.' குடும்பத்தில் பெரியவர் சொன்னால் எடுபடும்.

ஹெலிபேடில் வேறு சில சங்கதிகள் உண்டு. உங்களை எடை மேடையில் நிறுத்துவார்கள். கூச்சப்பட்டு நாலு கிலோ குறைத்துச் சொல்லாதீர்கள். யாரை எங்கே உட்கார வைப்பது என்பதே அந்த எண்ணை வைத்துத்தான். ஜன்னலோரம் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் அங்கே செல்லாது. சேலை கட்டினால் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். சுடிதார் இன்னும் நல்லது, துப்பட்டா இல்லாமல். ஆள் கூப்பிடாமல் யாரும் ஹெலிகாப்டர் பக்கம் போகக்கூடாது. போனால் முன்பக்கமாக, பைலட்டின் கண்ணில் படுகிற மாதிரி, தலையைக் குனிந்து. வால் பக்கம் எந்தக் காரணத்துக்கும் போகக்கூடாது. சுற்றும்போது வால் விசிறி கண்ணுக்கே தெரியாது. 2023 ஏப்ரலில் கேதார்நாத்தில் அந்த விசிறி அடித்து இறந்தவர் யாரோ ஒரு வேடிக்கை பார்க்க வந்தவர் இல்லை. ஹெலிகாப்டர் சேவையைக் கவனிக்கிற அரசு அமைப்பின் அதிகாரியே. பேரப்பிள்ளைகளின் கை பெரியவர் கையில் இருக்கட்டும். ஆளுக்கொரு இருக்கை, ஆளுக்கொரு பெல்ட் கேட்டு வாங்குங்கள். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று யாரும் இரக்கப்பட வேண்டாம். காதுக்கு ஹெட்போன் பிள்ளைகளுக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்வி: நான் போகலாமா?

இந்தத் தடவை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஹெலிகாப்டர் ஆபத்து என்பதால் இல்லை. மதுரை விமானத்தில் உங்களுக்கு வந்ததை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் அது வெறும் கூச்சம் மாதிரித் தெரியவில்லை. கொச்சியிலிருந்து மூணாறு போய் வர ஒரு மணி நேரமாவது ஆகும். நடுவில் 'நிறுத்துங்க, இறங்கிக்கிறேன்' என்று சொல்ல முடியாது. விமானத்தில் உள்ள மாதிரி எழுந்து நடக்கவோ பணிப்பெண்ணைக் கூப்பிடவோ வழியில்லை. சின்ன அறை, முன்னாலேயே பைலட். யாராவது பதறிப்போய்க் கதவையோ முன்னால் இருப்பவர் தோளையோ பிடித்து இழுத்தால் அது எல்லோருக்கும் தொல்லை. பயத்தை உடைக்கவென்று முதல் பயணமாக இதை எடுப்பது தப்பான வரிசை.

நான் மருத்துவன் இல்லை. ஆனால் இந்த மாதிரிப் பதற்றத்துக்கு வைத்தியம் உண்டு, அது பலிக்கிறது என்பது தெரியும். பயத்தைத் தூண்டுகிற விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவந்து பழக்குவார்கள். படபடப்பு வந்தால் அது ஏறிக்கொண்டே போகாது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், பிறகு தானாக இறங்கும், அதோடு உயிரை எடுக்காது என்பதை உடம்புக்கே புரியவைப்பார்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக விடப் பழக்குவார்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் அரசு இலவசமாக ஆலோசனை தருகிறது, தமிழிலேயே பேசலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சாதாரண மருத்துவரிடம் இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். 61 வயதில் படபடப்பு எல்லாவற்றையும் பயம் என்று நாமே முடிவு கட்டக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறுவது மட்டும் கூடவே கூடாது. பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு வெளியே வர வேண்டிய நேரத்தில் உங்கள் கை உங்கள் பேச்சைக் கேட்க வேண்டும்.

பிற்பாடு என்றைக்காவது ஏற வேண்டும் என்று தோன்றினால், மைதானத்தில் எழும்பி பத்து நிமிடத்தில் திரும்புகிற சின்னச் சுற்றாகப் பாருங்கள். மைசூர் தசராவின்போது சில வருஷம் அப்படி விட்டிருக்கிறார்கள். என்ன சத்தம், என்ன ஆட்டம் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதிப் பயம் குறையும். அதனால் சொல்லிவைக்கிறேன். எஞ்சின் முதலில் மெல்லிய ஊளையாகத் தொடங்கும். றெக்கை மெதுவாகச் சுற்றும்போது மொத்த உடம்பும் பக்கவாட்டில் ஆடும். வேகம் பிடித்ததும் ஆட்டம் அடங்கி, ஒரே சீரான அதிர்வு மட்டும் இருக்கும். உடனே கிளம்பவில்லையே, ஏதோ கோளாறோ என்று நினைக்காதீர்கள், மீட்டர்களைச் சரிபார்க்கிறார்கள். பிறகு நாலைந்து அடி எழும்பி அந்தரத்தில் நிற்கும். அடுத்து மூக்கைக் கீழே குத்திக்கொண்டு முன்னே போகும். முதல் தடவை ஏறுகிறவர்கள் கத்துவது இங்கேதான். விழப் போவதாகத் தோன்றும். முன்னால் போவதற்கு அது அப்படித்தான் சாய வேண்டும். கொஞ்ச வேகம் வந்ததும் ஒரு நடுக்கம் வரும். அது நல்ல சகுனம். கலங்காத காற்று றெக்கைக்குக் கிடைத்து, தூக்கும் சக்தி கூடுகிறது. அதன்பின் சுலபமாக ஏறும். திரும்பும்போது உங்கள் பக்கத்து ஜன்னலில் தரை மட்டும் தெரியும். அந்த நேரம் தூரத்து அடிவானத்தைப் பாருங்கள். இறங்கும்போது மூக்கு மேலே தூக்கும், அதே நடுக்கம் மறுபடி வரும், மேலே 'தட தட' என்று கேட்கும். தரையைத் தொட்ட பிறகும் ஓரிரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு ஆறவைப்பார்கள். அதுவரை பெல்ட்டில் கை வைக்காதீர்கள்.

உயரம் என்றால் மாடிக் கைப்பிடிச் சுவரைக்கூட எட்டிப் பார்க்காத சிலர் ஹெலிகாப்டருக்குள் சாதாரணமாக உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் அப்படி இருக்கும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன்.

பிள்ளைகளைத் தடுக்கலாமா என்றால், வாட்ஸ்அப்பைக் காட்டித் தடுக்காதீர்கள். போன் புரளி பொய் என்று மருமகன் ஒரு நிமிடத்தில் நிரூபித்துவிடுவார். அதோடு நீங்கள் சொல்கிற நியாயமான விஷயங்களும் சேர்ந்து அடிபட்டுப்போகும். மேகத்தைக் காட்டிப் பேசுங்கள். மே மாதம் நம் மலைகளில் மத்தியானத்துக்கு மேல் இடிமழை கட்டும். மாதக் கடைசிக்குள் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையின் அறிகுறியும் தெரியத் தொடங்கிவிடும். மருமகன் எந்தத் தேதி, எந்த நேரம் எடுத்திருக்கிறார் என்று கேளுங்கள். கடைசி வாரமாக இருந்தால் முதல் வாரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். மத்தியானமாக இருந்தால் காலையில், மலையில் மஞ்சு விலகியதும் கிளம்புகிற முதல் பயணத்தைக் கேட்கச் சொல்லுங்கள். முன்பணம் கட்டிய ரசீதை வாங்கி, வானிலையால் ரத்தானால் பணம் என்ன ஆகும் என்று அதில் எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். எழுதவில்லை என்றால் போனில் கேட்டது போதாது; கம்பெனி எழுத்தில் தரட்டும். தரமாட்டேன் என்றால், ஆறு டிக்கெட்டையும் ரத்து செய்யச் சொல்லி நீங்கள் தாராளமாகச் சண்டை போடலாம். வேண்டுமானால் நான் சொன்னதாகவே சொல்லிக்கொள்ளுங்கள்.